காவலரை ஊர் தேர்ந்தெடுக்கலாமா?

(கடலூர் முதுநகரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கேள்வி. அதை நான் உருவாக்கவில்லை. இந்த ஊர் டீக்கடைகளில், மீன் ஏலம் முடிந்த பிறகு, ஸ்டேஷனுக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் கேட்கிற கேள்வி. "கவுன்சிலரை நாம தேர்ந்தெடுக்கிறோம். எம்.எல்.ஏ.வை நாம தேர்ந்தெடுக்கிறோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நம்ம வீட்டுக் கதவைத் தட்டுகிற போலீஸ்காரரை மட்டும் ஏன் நாம தேர்ந்தெடுக்க முடியலை?"

நியாயமான கேள்வி. கோபத்தில் பிறந்த கேள்வி என்று தள்ளிவிடக் கூடாத கேள்வி. ஊர் தேர்ந்தெடுக்கும் காவலர் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, அந்தக் கோடு எங்கே விழுகிறது? இதைத்தான் நாம் சேர்ந்து யோசிக்கப் போகிறோம்.

இப்படி ஒரு வழக்கம் உலகில் எங்காவது உண்டா? உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கான்ஸ்டபிள் என்பது இன்றும் தேர்தலில் நின்று வென்று பெறுகிற பதவி. பதவிக்காலம் 6 ஆண்டுகள். மாதச் சம்பளம் கிடையாது. நீதிமன்றத்தின் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு கட்டணம், வாரண்டை நிறைவேற்றினால் ஒரு கட்டணம். தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில் அமைதி காப்பது அவர் கடமை. அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. கான்ஸ்டபிள் சாலையில் போகிற வண்டியை நிறுத்தி, மோட்டார் வாகனச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாமா என்பது கேள்வி. 1998-இல் நீதிமன்றம் சொன்னது: அந்த அதிகாரம் இவருக்கு இல்லை.

கவனியுங்கள். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய மனிதர் அவர். ஆனாலும் நீதிமன்றம் அவர் வாங்கிய ஓட்டை எண்ணிப் பார்க்கவில்லை. எந்தச் சட்டம் இவருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது என்று மட்டும் பார்த்தது. ஓட்டு ஒருவருக்குப் பதவியைக் கொடுக்கலாம். இன்னொரு மனிதரை நிறுத்துகிற, பிடிக்கிற, அடைக்கிற அதிகாரத்தைச் சட்டம் மட்டும்தான் கொடுக்க முடியும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில், கடலில், ஜெர்சி என்று ஒரு சின்னத் தீவு. 12 ஊர்ப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஊதியமில்லாக் காவலர்கள். அவர்களில் மூத்தவரைச் செந்தெனியர் என்கிறார்கள். சம்பளம் வாங்கும் போலீசும் அந்தத் தீவில் உண்டு. ஆனால் ஒருவர் மேல் குற்றம் சாட்டி நீதிமன்றத்துக்கு அனுப்பும் முடிவை எடுப்பவர் செந்தெனியர். போலீஸ் பிடிக்கலாம், விசாரிக்கலாம். வழக்காக்குவதா இல்லையா என்பதை ஊர் தேர்ந்தெடுத்த ஒருவர் பார்த்துத் தீர்மானிக்கிறார். இங்கே ஊராரின் ஆள் போலீசுக்குக் கடிவாளமாக நிற்கிறார். லத்தி வேறொருவர் கையில் இருக்கிறது. இந்த அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, வெளிநாடு இருக்கட்டும். நம் மண்ணுக்கு வருவோம்.

ஊராட்சி என்று யார் பேச எழுந்தாலும் உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்லாமல் உட்கார மாட்டார்கள். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. முப்பது குடும்புகள் என்ற பகுதிகள், குடத்தில் ஓலை இட்டு ஆள் எடுக்கும் குடவோலை, வாரியம் என்ற பணிக்குழு. 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது. எவ்வளவு நுட்பமான விதிகள்! அது ஒரு பிராமணச் சபை, அதில் பெண்ணுக்கும் உழவனுக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறு. அங்கே குடவோலையால் எந்த எந்த வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள்? சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம். ஏரிக்கு ஆள் உண்டு. தோட்டத்துக்கு ஆள் உண்டு. பொன்னை உரைத்துப் பார்க்க ஆள் உண்டு. ஊர்க்காவலுக்கு? அந்தப் பட்டியலில் காவல் வாரியம் என்று ஒன்று இல்லை.

காவல் எங்கே இருந்தது? பாடிகாவல் என்ற பெயரில் அது ஓர் உரிமையாகவும், ஒரு வரியாகவும் இருந்தது. ஊரையும் நாட்டையும் காக்கும் உரிமை பலம் படைத்த தலைவர்கள் கையில் இருந்தது. அந்தக் காவலுக்கு மக்கள் கட்டிய வரியும் அவர்களுக்கே போனது. அப்படி வளர்ந்த ஒரு குடும்பத்தின் கதை நம் கடலூர் மண்ணின் கதை. கூடல் ஊரைச் சேர்ந்த காடவராயர்கள். சோழருக்குக் கீழ்ப்பட்ட தலைவர்களாக, இந்தத் திருமுனைப்பாடி வட்டாரத்தின் பாடிகாவலைக் கையில் வைத்திருந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகப் பலம் சேர்த்தார்கள். அந்த வழியில் வந்த கோப்பெருஞ்சிங்கன் என்ன செய்தார் தெரியுமா? தன் அரசனான மூன்றாம் இராசராச சோழனையே பிடித்து, உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள சேந்தமங்கலத்தில் சிறை வைத்தார். இது கட்டுக்கதை இல்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய திருவந்திபுரம் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. சோழனை மீட்க ஹொய்சள அரசன் படை அனுப்பினான். அந்தப் படை வழியில் இருந்த ஊர்களை அழித்துக்கொண்டு வந்ததையும் அதே கல்வெட்டு சொல்கிறது. 1231-ஆம் ஆண்டை ஒட்டிய செய்தி.

காவல் காக்க வைத்தவர், காக்கப்பட வேண்டிய அரசனையே சிறை வைத்தார். அதற்கு விலை கொடுத்தவர்கள் யார்? வீடு எரிந்த இந்த ஊர்க் குடியானவர்கள். கணக்குக் கேட்க ஆளில்லாத காவல் எங்கே போய் முடியும் என்பதற்கு நாம் வேறு தேசத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்து வெள்ளைக்காரர் காலம். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியவர்கள், கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழுந்த எல்லை வரைக்கும் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது அதற்கு 126 ஆண்டுக்குப் பிறகு, 1816-இல், அவர்கள் கொண்டுவந்த 11-ஆம் ரெகுலேஷன். அதன்படி கிராம மணியக்காரர்தான் கிராம போலீசுக்குத் தலைவர். தலையாரி அவருக்குக் கீழே. பரம்பரைப் பதவிகள். ஊருக்குள் சின்னச் சண்டை, வசவு, கைகலப்பு என்றால் மணியக்காரரே தண்டிக்கலாம். என்ன தண்டனை? 12 மணி நேரம் வரை சாவடியில் அடைத்து வைக்கலாம். ஆனால் குற்றம் செய்தவர் தாழ்த்தப்பட்ட சாதிக்காரராக இருந்தால்? அவரை 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டி வைக்கலாம்.

இதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். ஒரே குற்றம். ஒரே ஊர். ஒருவருக்குச் சாவடி, இன்னொருவருக்குக் காலைத் துளையில் மாட்டிப் பூட்டுகிற மரம். அதுவும் நாலு பேர் பார்க்க. இதைச் செய்யும்படி எழுதிக் கொடுத்தது சட்டம். செய்து முடித்தது ஊர். உள்ளூர் ஆள் கையில் தண்டனையைக் கொடுத்தபோது, அந்தத் தண்டனை ஊரின் சாதிக் கட்டையே எடுத்துப் போட்டுக்கொண்டது.

பின்னால் 1855-இல் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. வரி வசூலிக்கிறவனே போலீசுமாக இருந்ததால், வரிக்காகக் கிட்டி போட்டு விரலை நெரித்ததும், அண்ணாந்தாள் போட்டு உடலை வளைத்துக் கட்டியதும் அதில் பக்கம் பக்கமாகப் பதிவாயிற்று. 1859-இல் போலீஸ் சட்டம் வந்து, வருவாய்த் துறையிலிருந்து போலீஸ் பிரிந்தது. இன்று நாம் பார்க்கும் காக்கிச் சட்டை வரிசை அங்கிருந்து தொடங்குகிறது.

ஆனால் தலையாரி போய்விடவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். மணியக்காரர் வீட்டுத் திண்ணை. ஊரில் ஒரு சாவு, சந்தேகச் சாவு. மணியக்காரர் ரிப்போர்ட் எழுதுவார். எழுதிய தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் தடியோடு, தலையாரி ஸ்டேஷனுக்கு நடப்பார். மழையானாலும் இரவானாலும் நடப்பார். புதிதாக ஊருக்குள் வந்து சத்திரத்தில் படுத்தவன் யார், எந்தக் களத்தில் நெல் குறைந்தது, யார் வீட்டு மாடு யார் கொல்லையில் கட்டியிருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். காவலுக்கு வேண்டிய முதல் மூலதனம் அந்தத் தெரிதல். இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போகிற இன்ஸ்பெக்டருக்கு அது வராது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் பரம்பரை வழியில் வந்த மணியம், கர்ணம் பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982-இல் அதை ஏற்றது. சரியான காரியம், செய்தே ஆக வேண்டிய காரியம். பிறப்பால் வந்த அதிகாரம் போனது. ஆனால் அந்த இடத்தில் ஊருக்குப் பதில் சொல்கிற எந்த ஏற்பாடும் வரவில்லை. அரசு தேர்வு எழுதி வந்த வி.ஏ.ஓ. வந்தார். ஸ்டேஷன் ஊரிலிருந்து இன்னும் தூரம் போயிற்று.

இனி, நம் கடற்கரைக்கு வருவோம். ஊர் தேர்ந்தெடுக்கும் காவல் இன்றும் எங்கே உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், அது நம் மீனவ ஊர்களில்தான் இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து. நாட்டார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. கோயிலுக்கு முன்னால் கூடித் தலைவர்களை நியமிப்பார்கள். பல ஊர்களில் காலக்கெடு வைத்து மாற்றுகிறார்கள். எந்த வலையைப் போடலாம், எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது, இரண்டு போட்டுக்காரர்களுக்குள் வலை சிக்கி அறுந்தால் யார் யாருக்கு என்ன கொடுப்பது, இவையெல்லாம் அங்கே அன்று மாலையே முடியும். கடலில் ஒரு படகு திரும்பவில்லை என்றால், மனு எழுதி, முத்திரை வாங்கி, அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஊர் சொல்லும், படகுகள் கிளம்பும். இந்த அமைப்பை இழிவாகப் பேசுகிறவர்கள் ஒரு நாள் கடற்கரையில் நின்று பார்த்தவர்கள் இல்லை.

ஆனாலும், தோழர்களே, இதன் எல்லையையும் நாம் மனம் திறந்து பேச வேண்டும். இந்த மேடையில் பேசாவிட்டால் வேறு எங்கே பேசுவது? தலைக்கட்டு என்றால் யார்? மணமான ஆண். விதவைக்குத் தலைக்கட்டு உண்டா? பழைய கணக்கில் இல்லை. 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 600 உயிர்களைக் கொண்டுபோனது. நிவாரணப் பட்டியலைப் பல இடங்களில் ஊர்ப் பஞ்சாயத்துதான் தயாரித்துக் கொடுத்தது. அது மட்டும் இல்லையென்றால் அந்த முதல் வாரங்களில் சோறும் துணியும் இவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்ந்திருக்காது. அதே பட்டியலில் தலைக்கட்டு இல்லாத பெண்கள் விடுபட்டார்கள் என்ற புகாரும் இந்தக் கடற்கரை நெடுகிலும் எழுந்தது. மீன்பிடிச் சாதியில் சேராத, ஆனால் கடலையும் உப்பனாற்றையும் நம்பி வாழ்ந்த தலித் குடும்பங்கள் விடுபட்டன என்ற புகாரும் எழுந்தது. இரண்டுமே உண்மை. ஒரே கை காப்பாற்றியது, ஒரே கை விட்டுவிட்டது. ஏன்? அந்தக் கை யாரை ஊர் என்று எண்ணியதோ அவர்களை மட்டும் அது பிடித்தது.

அபராதம், ஊர் விலக்கம் என்று வரும்போது இது இன்னும் கடுமையாகிறது. ஒரு குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது என்று ஊர் சொன்னால், அதற்கு அப்பீல் எங்கே? சாட்சி விசாரணை எங்கே? மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலைத் தகராறில் பார்த்தோமே. ஒரு ஊர் வலையை ஆதரித்துக் கட்டுப்பாடு போடுகிறது, அடுத்த ஊர் எதிர்த்துக் கட்டுப்பாடு போடுகிறது. இரண்டு ஊரும் தங்கள் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்களைத்தான் வைத்திருக்கின்றன. இரண்டு கட்டுப்பாடும் கடலில் மோதுகின்றன. அங்கே 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வேண்டியிருக்கிறது. இரண்டு ஊருக்கும் பொதுவான ஒன்று வேண்டியிருக்கிறது.

இப்போது நான் சொல்லப் போவது மனத்துக்குப் பாரமான இரண்டு வழக்குகள். இரண்டும் நம் விருத்தாசலம் வட்டாரம். பத்து ஆண்டு இடைவெளி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, 1993 மார்ச். முதனை கிராமத்து இராசாக்கண்ணு. குறவர் சமூகத்து விவசாயக் கூலி. ஒரு திருட்டு வழக்கின் பெயரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். உயிரோடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். மனைவி பார்வதி நம்பவில்லை. மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் துணை நின்றார்கள். வழக்கறிஞர் கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். உண்மை வெளியே வந்தது, காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2021-இல் 'ஜெய் பீம்' படம் வந்த பிறகு நாடே அறிந்த வழக்கு. அங்கே கொன்றது எது? ஊருக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத காக்கிச் சட்டை.

அதற்கு அடுத்த மாதமே, 1993 ஏப்ரல் 24-இல், அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிக்கு ஒப்படைக்கத்தக்கவை என்று 29 பொருள்கள் பட்டியலிடப்பட்டன. விவசாயம் உண்டு, குடிநீர் உண்டு, சாலை உண்டு. காவல் இல்லை. காவல் மாநில அரசின் பட்டியலிலேயே நின்றது.

இரண்டாவது, 2003 ஜூலை 8. புதுக்கூரைப்பேட்டை. முருகேசன், ரசாயனப் பொறியியல் படித்த தலித் இளைஞர். கண்ணகி, வன்னியர் வீட்டுப் பெண், அவரும் பட்டதாரி. இரண்டு மாதங்களுக்கு முன்பே கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். இருவரையும் பிடித்துவந்து, காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். பெண்ணின் தகப்பனார் யார்? அந்த ஊரின் பஞ்சாயத்துத் தலைவர். மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். ஊரே பார்த்தது. போலீஸ் என்ன செய்தது? புகாரை வாங்க மறுத்தது. பிறகு உண்மையைப் புரட்டி, செத்தவரின் தரப்பு ஆட்களையே வழக்கில் சேர்த்தது. சி.பி.ஐ. வந்து, 18 ஆண்டுக்குப் பிறகு, 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் அன்றைய இன்ஸ்பெக்டரும் சப்-இன்ஸ்பெக்டரும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகள் என்பதை உறுதி செய்தது.

இப்போது கேட்கிறேன். காவலரை ஊர் தேர்ந்தெடுத்திருந்தால் இராசாக்கண்ணு பிழைத்திருப்பாரா? யார் ஓட்டில் அந்தக் காவலர் வந்திருப்பார்? ஊரில் நாலு வீடு மட்டும் உள்ள குறவர் ஓட்டிலா? காவலரை ஊர் தேர்ந்தெடுத்திருந்தால் முருகேசனும் கண்ணகியும் பிழைத்திருப்பார்களா? அந்த ஊர் தேர்ந்தெடுத்தவர் வீட்டிலிருந்தே கொலை கிளம்பியதே! ஓட்டு என்பது எண்ணிக்கை. சட்டத்தின் காவல் யாருக்கு மிக அவசரமாகத் தேவை? எண்ணிக்கையில் குறைந்தவருக்கு. தெருவில் தனியாக நிற்கிறவருக்கு. வேறு ஊரிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவருக்கு. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்கு. ஊரில் பெரும்பாலோர் கோபத்தில் இருக்கும்போது, அந்தக் கோபத்துக்கு எதிரே நிற்க வேண்டியவர் காவலர். அடுத்த தேர்தலில் அதே பெரும்பாலோரிடம் கைகூப்பிப் போக வேண்டியவரால் அப்படி நிற்க முடியுமா?

அதனால்தான் சொல்கிறேன்: லத்தியை ஓட்டுப் பெட்டியில் போடாதீர்கள். கைது செய்யும் அதிகாரம், அடைக்கும் அதிகாரம், விசாரிக்கும் அதிகாரம், இவை தேர்தலில் வெல்லும் பரிசாக ஆகக் கூடாது.

"அப்படியானால் இருக்கிற போலீசையே நம்பிக் கிடக்கச் சொல்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். இல்லை, சொல்லவில்லை.

ஊர் மக்களைக் காவலோடு சேர்க்க அரசே ஒரு வழி பார்த்தது. அதே 1993-இல் இராமநாதபுரத்தில் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் 'பிரண்ட்ஸ் ஆப் போலீஸ்' அமைப்பைத் தொடங்கினார். நல்ல நோக்கம். பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. ஆனால் அந்த நண்பர்களை யார் பொறுக்கினார்கள்? ஸ்டேஷன். யாருக்குப் பதில் சொன்னார்கள்? ஸ்டேஷனுக்கு. 2020 ஜூன், சாத்தான்குளம். தந்தை ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ். காவலில் வைக்கப்பட்டு, அடிபட்டு, ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். அந்த அமைப்பைச் சேர்ந்த இளைஞர்களும் அங்கே இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அரசு அமைப்பைத் தடை செய்தது. சத்தீஸ்கரிலே பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர் என்று பெயர் வைத்து, துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பியதை 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொன்னதும் இதனால்தான். பயிற்சியும் பொறுப்பும் இல்லாத கையில் அதிகாரத்தின் நிழலைக் கொடுத்தால் கூட ஆபத்து.

பிறகு எதுதான் ஊருக்கு? கண் ஊருக்கு வேண்டும். கேள்வி ஊருக்கு வேண்டும். சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. நாம்தான் அந்த இடத்தில் போய் உட்காரவில்லை.

1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-ஆவது பிரிவும் சொல்கிறது. ஒருவரைக் கைது செய்தால் ஒரு குறிப்பாணை எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவராவது, அல்லது அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மதிப்புக்குரியவர் யார்? பல நேரங்களில் ஸ்டேஷனுக்கு எதிரே கடை வைத்திருப்பவர், வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போடுகிறவர். ஏன் அங்கே நம் வார்டு உறுப்பினர் நிற்கக் கூடாது? ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வந்தவர், அந்த வீட்டுப் பையனைக் கொண்டுபோன இரவில் ஸ்டேஷனுக்கு வந்து, நேரம் எழுதியிருக்கிறதா, உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால் என்ன? அதே சட்டத்தின் 37-ஆவது பிரிவு, கைதானவர் பெயரையும் குற்றத்தையும் காவல் நிலையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறது. உங்கள் ஸ்டேஷனில் அந்தப் பலகை இருக்கிறதா என்று எத்தனை பேர் போய்ப் பார்த்தீர்கள்? ஸ்டேஷன்களில் கேமரா வைக்கச் சொல்லி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது ஓடுகிறதா என்று கேட்டவர் யார்?

ஜெர்சித் தீவின் செந்தெனியரை நான் மதிக்கிறேன் என்றேனே, இதனால்தான். ஊரின் ஆள் அங்கே தடியோடு முன்னால் ஓடுவது பெரிதில்லை. போலீசின் முடிவை ஒரு முறை நிறுத்திப் பார்ப்பதுதான் பெரிது.

இன்னொன்று. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில், போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்க மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் தனி ஆணையம் வேண்டும், ஓய்வு பெற்ற நீதிபதிகள் தலைமை தாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. தமிழ்நாடு 2013-இல் சட்டம் செய்தது. ஆனால் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைவர், பக்கத்தில் எஸ்.பி. உறுப்பினர். புகார் யார் மேலோ அவருடைய மேலதிகாரியே நீதிபதி! இந்தச் சட்டம் திருத்தப்பட வேண்டும். திருத்தும்போது ஊராட்சிகளும் மாநகராட்சியும் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர்கள் அதில் அமர வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் கட்டாயம் இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தவருக்கு இடம் வைக்காத தேர்தல் மறுபடியும் தொழுமரத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

நண்பர்களே, கண்ணெதிரே நடக்கிற, ஜாமீனில் விட முடியாத கடுங்குற்றத்தைச் செய்தவனைச் சாதாரணக் குடிமகனே பிடிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதே சன்ஹிதாவின் 40-ஆவது பிரிவு. ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் ஒரு அடி அடித்தாலும் பிடித்தவர் குற்றவாளி. திருடன் என்று ஒருவனைக் கம்பத்தில் கட்டிவைத்துக் கைப்பேசியில் படம் எடுக்கிற தெருவுக்கு இதைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாநகராட்சியில் நமக்குப் பகுதி சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் காவல் நிலைய அதிகாரியை அழைக்கும்படி தீர்மானம் போடுங்கள். கடந்த கூட்டத்துக்குப் பிறகு எத்தனை புகார் வந்தது, எத்தனைக்கு எப்.ஐ.ஆர். போட்டீர்கள், போடாததற்குக் காரணம் என்ன, பெண்கள் கொடுத்த புகார் எத்தனை, சேரியிலிருந்து வந்த புகார் எத்தனை என்று கேளுங்கள். சத்தம் போடாமல் கேளுங்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேளுங்கள். வர மறுத்தால் அதையும் தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள். இங்கே வந்திருக்கும் வார்டு உறுப்பினர்கள் யாராவது இதை முதலில் செய்வதாக இன்றே இந்த மேடைக்கு வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, விடைபெறுகிறேன்.